தென் பிரான்ஸ் பேச்சு காதில் ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

போன செப்டம்பரிலிருந்து நீம் நகரத்தில் இருக்கிறேன், பிரெஞ்சு ஏ2 (அடிப்படை நிலை) முடித்தாயிற்று. பாட ஒலிப்பதிவுகள் நன்றாகவே புரிகின்றன, ஆனால் சந்தையில் இவர்கள் பேசினால் பாதி போய்விடுகிறது, வார்த்தைக் கடைசியில் ஒரு 'எ' சேர்த்து இழுக்கிறார்கள், ஒயினைக் குறிக்கும் 'வேன்' (vin) என்பது 'வேங்' என்று கேட்கிறது. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி, டிவி5 மோந்த் தொலைக்காட்சியின் பயிற்சிகள் இரண்டும் கேட்டுப் பார்த்தேன், அங்கே இந்த உச்சரிப்பே இல்லை. அப்புறம் உரையாடல் வகுப்புக்கும் போனேன், எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள், எங்களுக்குள் பிரமாதமாகப் புரிகிறது! 2026 ஜனவரியிலிருந்து பத்தாண்டு வசிப்பிட அட்டைக்கு அடுத்த நிலையான பி1 வேண்டும், சரி, அந்தத் தேர்வுக்குக்கூடப் பயமில்லை, பிளம்பர் போன் செய்தால்தான் பயம். தென் பகுதிக்காரர்கள் இயல்பாகப் பேசுவதை எழுத்து வடிவத்தோடு கேட்க எந்த பாட்காஸ்ட் அல்லது வானொலி நிகழ்ச்சி உங்களுக்கு உதவியது?