பயிற்சியாளருக்கு எதற்கு உளவியல் வகுப்பு?

மஞ்சக்குப்பத்து அப்பா:
என் மகளுக்கு வயது 13, கபடி ஆடுகிறாள். போன வாரம் கடலூரில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவளுடைய தோழி ரெய்டு போய்ப் பிடிபட்டாள். "வீட்டில் சோறுதானே போடுகிறார்கள்?" என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். அதன் பிறகு அந்தச் சிறுமி, ரெய்டு போகிறவர் எதிரணிப் பக்கம் கடந்தே ஆக வேண்டிய பாக் லைன் கோட்டைக் கடப்பாள், உடனே திரும்பிவிடுவாள். எல்லாம் புள்ளி எடுக்காத வெறும் ரெய்டு. பயிற்சியாளர்களுக்கு உளவியல் வகுப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன்.

விடியற்கால விசில்:
22 ஆண்டுகளாகத் தேவனாம்பட்டினம் மணலில் பிள்ளைகளை ஓடவிடுகிறேன். சம்பளம் கிடையாது, விசில்கூட என் காசு. அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி வருகிற மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு வெற்றி வேண்டும். நான் திட்டிய பையன்கள் இன்று காவல்துறையில் இருக்கிறார்கள், ரயில்வேயில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்து காலில் விழுகிறார்கள்.

நானூறு மீட்டர்:
காலில் விழ வருகிறவர்களைத்தான் உங்களுக்குத் தெரியும் ஐயா. வராமல் போனவர்கள்? நான் புதுச்சேரியில் ஓடினேன். எங்கள் பயிற்சியாளர் திங்கள்தோறும் எடை பார்த்து, பையன்களும் கேட்கும்படி உரக்க வாசிப்பார். 16 வயதில் நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்று வீட்டில் சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை.

மஞ்சக்குப்பத்து அப்பா:
இப்படி நிறுத்திவிட்டுப் போகிறவர்களைத்தான் ஆய்வில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேர வகுப்பு நடத்தினார்கள். பெரிய தத்துவம் இல்லை: முயற்சியையும் பாராட்டு, தவறினால் முதலில் தேற்று, பிறகு எப்படித் திருத்துவது என்று காட்டு, தண்டிக்காதே. 1992இல் வெளியான முடிவு: வகுப்புக்குப் போகாதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த பருவத்துக்குத் திரும்பவில்லை. போனவர்களிடம் 5 சதவீதம்தான்.

விடியற்கால விசில்:
நானும் தேடிப் படித்தேன். அந்த ஆய்வில் இருந்த பயிற்சியாளர்கள் மொத்தம் 18 பேர். வெற்றி தோல்வியில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நானூறு மீட்டர்:
வெற்றி குறையவில்லை அல்லவா? திட்டாமலே அதே வெற்றி கிடைக்குமென்றால் தொண்டையையாவது மிச்சப்படுத்தலாமே. 2024இல் சிங்கப்பூரில் 18 வயதில் சதுரங்க உலக சாம்பியனான நம் குகேஷுக்குப் பக்கத்திலும் பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளர் இருந்தார்.

விடியற்கால விசில்:
குகேஷுக்கு அப்டன் கிடைப்பார். என் பிள்ளைகளுக்குக் கிழியாத காலணிகூடக் கிடைப்பதில்லை.

பி.டி. மாஸ்டர்:
வகுப்பு வேண்டும் என்பவன்தான் நான். ஆனால் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தேநீர், குழுப் புகைப்படம், மறுநாள் மைதானத்தில் அதே கத்தல். அந்த அமெரிக்கர்களின் வேலையில் எனக்குப் பிடித்தது வேறு. ஒருவரை ஓரமாக நிற்கவைத்து, பயிற்சியாளர் எத்தனை முறை பாராட்டினார், எத்தனை முறை சாடினார் என்று குறித்தார்கள். பயிற்சியாளர்கள் தங்களைப் பற்றி நினைத்திருந்ததும் குறிப்பும் பெரும்பாலும் பொருந்தவில்லை. பிள்ளைகள் சொன்னதுதான் குறிப்போடு நெருங்கி வந்தது. விசில் ஐயா, நீங்கள் ஒரு நாளில் எத்தனை முறை பாராட்டுவீர்கள்?

விடியற்கால விசில்:
நிறைய முறை.

பி.டி. மாஸ்டர்:
எண்ணியிருக்கிறீர்களா?

விடியற்கால விசில்:
இல்லை. சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மணலுக்கு வாருங்கள் மாஸ்டர். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து நீங்களே எண்ணுங்கள். பிள்ளைகளிடம் மட்டும் எதற்காக வந்தீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

நானூறு மீட்டர்:
நானும் வரலாமா ஐயா?

விடியற்கால விசில்:
வாருங்கள் அம்மா. ஓடுகிற காலணியோடு வாருங்கள்.