நாளைக்கு கிறிஸ்மஸ் டான்ஸ் ஷோ: மாமியோட போறம், என்ன உடுத்திறது?

மனையாவெளி மருமகள்:
வணக்கம் திருமலைச் சனம். இவரின்ட வேலையிடத்தில நாலு ரிக்கற் குடுத்திருக்கினம். நாளைக்குக் குடும்பமாப் போறம். மாமி ஊரில இருந்து வந்து ரெண்டு கிழமையும் ஆகேல்ல, காஞ்சிபுரம்தான் கட்டுவன் எண்டு நிக்கிறா. வெளியில மைனஸ் காட்டுது. கெதியாச் சொல்லுங்கோ.

உவர்மலை அண்ணை:
பன்ரோமைம்தானே, லண்டனில கிறிஸ்மஸுக்குப் போடுற சிரிப்பு நாடகம்? பயப்பிடாதேங்கோ. வில்லன் வந்தா ‘பூ...’ எண்டு கேலியாக் கத்தோணும், சும்மா இருந்தாத்தான் பிழை. ஆம்பிளை பொம்பிளை வேசத்தில வருவார், கூத்துப் பாத்த மாமிக்கு உடன விளங்கும். ஹக்னி, விம்பிள்டன் பக்கம் எண்டா பகல் காட்சி நல்லம், வெளியில வரேக்க இருட்டியிருக்கும். 11 வயசுக்குக் கீழ பெரிய ஆளோட ரியூப் (நிலக்கீழ் ரயில்) இலவசம். 25ஆம் திகதி மட்டும் ரியூப்பும் இல்லை, பஸ்சும் இல்லை.

நிலாவெளி அக்கா:
ரிக்கற்றை முழுவிலைக்கு வாங்காதேங்கோ. கிழமை நாள் பின்னேரக் காட்சி சனி ஞாயிறைவிட மலிவு. ‘பார்வை மறைவு’ எண்டு போட்ட சீற் எடுத்தா தூணுக்குப் பின்னாலதான் இருப்பியள்.

கன்னியா தம்பி:
அக்கா, ரிக்கற் கையில இருக்கு எண்டுதானே எழுதியிருக்கிறா! தங்கச்சி, எந்த நகரம், என்ன ஷோ, பிள்ளையளுக்கு எத்தினை வயசு?

மனையாவெளி மருமகள்:
மன்னிக்கோணும். ரொறன்ரோ, ஸ்காபரோவில இருக்கிறம். நட்கிராக்கர் எண்டு போட்டிருக்கு, 2 மணி. மூத்தவருக்கு 7, சின்னவளுக்கு 3. அவளை மடியில வைச்சிருப்பன்.

கன்னியா தம்பி:
அப்ப நீங்கள் அஞ்சு பேர். உடுப்பை விடுங்கோ, இதுதான் முதல் பிரச்சினை. நட்கிராக்கர் எண்டா பலே, பேச்சில்லாமல் ஆடியே கதை சொல்லுற மேலைநாட்டு நடனம். பலே அரங்குகளில மடிப்பிள்ளைக்கும் பொதுவா ரிக்கற் வேணும், குறைஞ்ச வயசும் வைச்சிருப்பினம். இண்டைக்கே ரிக்கற் கவுண்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்கோ. ஏலாது எண்டா ஒராள் சின்னவளோட வீட்டை நிக்கட்டும். இது பன்ரோமைம் இல்லை அண்ணை, ஒரு வசனமும் இல்லை, கத்தினா முன் சீற் திரும்பிப் பாக்கும்.

சல்லி மாமா:
நாங்கள் வந்த முதல் குளிருக்கு எங்களுக்கு ஆர் ஷோ காட்டினது? நிலக்கீழ் அறை, ரெண்டு வேலை. இப்ப வந்திறங்கின உடன பலே! மார்கழியில பிள்ளையளை விடியத் திருவெம்பாவைக்குக் கூட்டிக்கொண்டு போனா ரிக்கற்றும் இல்லை, வயசுக் கணக்கும் இல்லை.

நிலாவெளி அக்கா:
உண்மை. பார்க்கிங் காசிலயே ஒரு மாசத்து மரக்கறி வாங்கலாம்.

உவர்மலை அண்ணை:
மாமிக்கு மொத்த ஜக்கற் ஒண்டு போதும். காரால இறங்கினா நேர உள்ளுக்க.

உப்புவெளி டீச்சர்:
போதாது. ஒரு மொத்த ஜக்கற்றை விட மெல்லிசா ரெண்டு மூண்டு அடுக்குத்தான் சூட்டைப் பிடிக்கும், உள்ளுக்க கழட்டவும் லேசு. உடம்போட ஒட்டிறது பருத்தி வேண்டாம், வேர்வையில நனைஞ்சா குளிர் ஏறும். மாமி சீலை கட்டட்டும். பாவாடைக்குப் பதிலா தேர்மல் காற்சட்டையும் கம்பளிக் காலுறையும், காலுக்கு பூட்ஸ். சீலைக் கரையை ரெண்டு விரல் உயர்த்திக் கட்டி ஊசி குத்துங்கோ. நடைபாதையில உப்புப் போட்டுக் கரைஞ்ச பனிச்சேறு நிக்கும், பட்டில பட்டா வெள்ளைக் கறை. காஞ்சிபுரத்தை விட்டிட்டு ஒரு சிந்தெற்றிக் சீலை எண்டா எனக்கு நிம்மதி. செருப்பைப் பையில வைச்சு உள்ளுக்க மாத்தலாம். ஜக்கற்றுகளை வாசலில குடுத்து வைக்கிற இடத்தில குடுங்கோ, மடியில வைச்சா ரெண்டு மணித்தியாலம் வேர்க்கும்.

காரால போறதெண்டா சின்னவளைப் புசுபுசு ஜக்கற்றோட கார் சீற்றில கட்டாதேங்கோ. மோதினா பஞ்சு அமுங்கிப் பட்டி தளரும். மெல்லிய சுவெற்றரோட கட்டி, மேல ஜக்கற்றைப் போர்த்துங்கோ.

ரயில் லேசு. கென்னடி நிலையத்தில லைன் 2 ஏறி சென் ஜோர்ஜில இறங்குங்கோ. அங்கை லைன் 1 தெற்கால, நாலாவது நிறுத்தம் ஒஸ்குட், பலே நடக்கிற போர் சீசன்ஸ் அரங்கம் அதுக்கு மேலதான். 12 வயசு வரைக்கும் இலவசம். வார இறுதியில பாதை மூடுறது வழக்கம், இரவே பாத்து வையுங்கோ. 1.15க்கு வாசலில நில்லுங்கோ. பிந்தினா கதவு மூடி, இடைவெளி வரும்வரை வெளியில நிக்க விடுவினம்.

மூத்தவருக்குக் கதையை இண்டைக்கே சொல்லுங்கோ: கிறிஸ்மஸ் விருந்து, எலிச் சண்டை, பனி, பிறகு இனிப்பு நாடு. இந்த நகரத்துத் தயாரிப்பில சண்டைக்குள்ள பீரங்கி வெடிக்கும், முதலே சொன்னா பயப்பிடார். இடைவேளையில பெண்கள் கழிப்பறையில நீட்டு வரிசை, தொடங்க முதலே மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மனையாவெளி மருமகள்:
போன் பண்ணினன். சின்னவளை விடமாட்டினமாம். இவர் வீட்டை நிக்கிறார். மட்டன் ரோல்ஸ் கொண்டு போகலாமோ?

கன்னியா தம்பி:
உள்ளுக்க வேண்டாம், வாசம் முழு வரிசைக்கும் போகும். ஒரு மணிக்கு முதல் சாப்பிட்டு முடியுங்கோ. ரிக்கற் இவரின்ட போனில எண்டா உங்கட போனுக்கு இண்டைக்கே மாத்தி எடுங்கோ, திரையைப் படம் பிடிச்சு வைச்சதைச் சில இடத்தில ஏற்க மாட்டினம். போனை உள் பொக்கற்றில வையுங்கோ, குளிரில பற்றரி கெதியா இறங்கும்.