ஒற்றை அறை வீட்டில் புதுக்குடித்தனம்: மும்பைத் தமிழர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு புதுமருமகள்:

வணக்கம். எனக்குக் கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், வாக்கப்பட்டு வந்தது சயான் கோலிவாடா. அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். முதலில் தாராவியில் இருந்தார்கள், அப்புறம் இங்கே. ஒரு அறை, ஒரு சமையலறை. மாமா, அத்தை, காலேஜில் படிக்கிற கொழுந்தன், நாங்கள் இரண்டு பேர்.

சம்பந்தம் பேசும்போதே ஊரில் எல்லாரும் கேட்டது, "பம்பாயில தனி ரூம் உண்டா?" என்றுதான். இல்லை என்று தெரிந்தே சம்மதித்தேன். அதனால் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனி அறை இல்லாத வீட்டிலும் புருஷன் பெண்டாட்டிக்கென்று நேரம் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கிற மற்றவர்கள் மனசு வைத்தால்தான் கிடைக்கும். என் வீட்டில் மனசு வைத்தார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் கட்டிடத்தில் மாநகராட்சித் தண்ணீர் விடிவதற்கு முன்னாலேயே வந்துவிடும். கொஞ்ச நேரம்தான் வரும், அதற்குள் டிரம், குடம், வாளி எல்லாம் நிரம்பியாக வேண்டும். அதுவரை அத்தைதான் எழுந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்த கொஞ்ச நாளில், "இனி தண்ணி பிடிக்கது உங்க ரெண்டு பேரு வேலை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வந்ததும் வேலை வச்சிட்டாங்களே" என்று வருத்தப்பட்டார். எனக்கு அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது. கொழுந்தனை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னார்கள், பாருங்கள். அதோடு, நாங்கள் எழுந்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள், சத்தத்தில் மாமாவுக்குத் தூக்கம் கெடுகிறதாம். மாமாவோ இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார்.

குழாயில் முதலில் காற்றுதான் வரும், இருமுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு. அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். அதைத் தரை துடைக்க வாளியில் ஒதுக்கிவிடுவோம். தெளிந்ததும் குழாய் வாயில் வெள்ளைத்துணி கட்டி, பைப்பை டிரம்முக்குள் விட்டுவிட்டு அவர் முக்காலியில் உட்காருவார். நான் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

இந்த வீட்டில் எல்லாருக்கும் டீதான். நான் காபிக்காரி என்று தெரிந்ததும் அவர் வேலை விட்டு வரும் வழியில் மாட்டுங்காவில் இறங்கி, ஒரு பித்தளை ஃபில்டரும் காபித்தூளும் வாங்கிவந்தார். தூள் அரைக்கிற கடையில் நின்றுகொண்டு போன் செய்து, "சிக்கரி எவ்வளவு போடணும்னு கேக்காங்க, என்ன சொல்ல?" என்றார். 80-க்கு 20 என்றேன். அதை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிச் சொன்னது எனக்குப் போனில் கேட்டது. அந்த மனுஷரை எனக்கு முழுசாகப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன். இப்போது அவரும் காபி குடிக்கிறார். ஆனால் முதல் டிக்காஷன் எனக்கு, இரண்டாவதுதான் அவருக்கு. நான் எவ்வளவு சொன்னாலும் மாற்ற மாட்டார்.

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு இந்த ஊர்த் தண்ணீர் முதலில் நாக்கில் ஒட்டவில்லை. ஒரு நாள் அப்படிச் சொன்னதும் அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். துளசி, விஹார், தான்சா, பாத்ஸா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, மத்திய வைதர்ணா. இந்த ஏழு ஏரித் தண்ணீர்தான் மும்பை குடிக்கிறதாம். துளசியும் விஹாரும் மட்டும் ஊருக்குள், மற்றதெல்லாம் வெளியே தொலைவில். தான்சா அணை 1892-லேயே கட்டியது. "உனக்காக இம்புட்டுத் தூரம் வருது, கொஞ்சம் மரியாதை குடு" என்றார். அந்த நேரத்தில்தான் நாங்கள் எல்லாம் பேசுவோம். அவருக்கு முதல் வேலை போனபோது வீட்டில் சொல்லாமல் ரயிலில் சும்மா போய் வந்த கதை, எனக்கு வங்கித் தேர்வு எழுத ஆசை, என்றைக்காவது பத்லாபூர் பக்கம் ஒரு வீடு என்று எல்லாமே அந்தக் குடங்களுக்கு நடுவில் பேசியதுதான்.

சண்டையும் உண்டு. ஒற்றை அறையில் சண்டை போட முடியாது, மாமாவும் கொழுந்தனும் எங்கே போவார்கள்? அதனால் "மார்க்கெட் போயிட்டு வாறோம்" என்று கிளம்பி மாட்டுங்கா வரைக்கும் நடப்போம். கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்தைச் சுற்றி வந்து பூக்கடைச் சந்துக்குள் நுழைவதற்குள் பாதி தீர்ந்துவிடும். மீதியைப் பூக்காரம்மா தீர்த்துவைப்பார். அவர் முழம் போடும்போது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அதற்கு மேலும் ஒரு சாண் விட்டுக் கிள்ளுவார். "புதுப்பொண்ணுக்கு இது" என்பார்.

காலையில் சயான் ஸ்டேஷனில் எங்களுக்கு எதிரெதிர்த் திசை. அவர் மஸ்ஜித் பந்தர், நான் காட்கோபர். என் வண்டி வந்து நான் ஏறும் வரை அவர் வண்டியை விட்டுவிட்டு நிற்பார். ஸ்லோ வண்டிதானே, அடுத்தது வந்துவிடும் என்பார்.

இன்னொன்று சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. எங்கள் எதிர்வீட்டில் ஒரு மராத்தி அம்மா, ஆயி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பொங்கல் நெருங்கியபோது அத்தையிடம் வந்து, "மருமகளுக்கு முதல் சங்கராந்தி, கறுப்புப் புடவை எடுத்தாச்சா?" என்று கேட்டார். புதுப்பெண்ணின் முதல் சங்கராந்திக்குக் கறுப்புப் புடவை கட்டி, சர்க்கரை மணியில் கோத்த நகை பூட்டி, ஹல்தி குங்கு வைப்பது மராத்திக்காரர்கள் வழக்கம். நம் பக்கத்தில் தலைப்பொங்கலுக்குப் புதுப்பெண் கறுப்புக் கட்டினால் பாட்டிமார் சும்மா இருப்பார்களா? எனக்குத் திக்கென்றது. அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலையில பானை வைக்கும்போது எங்க வழக்கப்படி மஞ்சப் பட்டு. சாயந்திரம் உங்க வீட்ல உங்க வழக்கப்படி. சரிதானே?" என்றார்கள்.

ஆயி அந்த நகையை எல்லாம் வீட்டிலேயே செய்து வைத்திருந்தார். முள் முள்ளாக வெள்ளைச் சர்க்கரை மணிகள், நடுவில் தங்கக் காகிதம். கழுத்துக்கு, காதுக்கு, கைக்கு, நெற்றிக்கு. மாப்பிள்ளைக்கும் ஒரு மாலை, கையில் ஒரு தேங்காய். மாடியில் இருந்த பெண்கள் எல்லாரும் வந்து மஞ்சள் குங்குமம் வைத்து, "தில்குள் க்யா, கோட் கோட் போலா" (எள்ளுருண்டை வாங்கிக்கோ, இனிப்பாகப் பேசு) என்று எள்ளுருண்டை கொடுத்தார்கள். அம்மா வீட்டை விட்டு வந்த முதல் பொங்கலில் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழ நேரமே இல்லை. ராத்திரி அந்த மாலையிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பிய்த்து அவர் எனக்கு ஊட்டினார், நான் அவருக்கு ஊட்டினேன். கொழுந்தன் அன்றைக்குத் தாராவியில் சிநேகிதன் வீட்டில் தங்கிவிட்டான், அதுவும் அத்தை ஏற்பாடு.

உங்கள் வீட்டில் எப்படி? சொல்லுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து ஒரு அம்மா:

படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது கண்ணு. உன் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லு. நான் 1986-ல் கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். 90 அடி ரோட்டுக்கு உள்ளே ஒரு வீடு. நாத்தனார்கள், கொழுந்தன்மார், ஊரிலிருந்து வேலை தேடி வந்த சொந்தக்காரர்கள் என்று ராத்திரி கால் வைக்க இடம் இருக்காது. பகலில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தாலே யாராவது தொண்டையைக் கனைப்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் மாட்டுங்கா அரோரா தியேட்டர்தான். தமிழ்ப்படம் வரும். அதற்கும் தனியாக அனுப்ப மாட்டார்கள், துணைக்கு நாத்தனார் மகனை விடுவார்கள். அவனுக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து இரண்டு சீட் தள்ளி உட்காரவைப்பார் என் வீட்டுக்காரர். என்ன படம் பார்த்தோம் என்று பாதி ஞாபகம் இல்லை. இடைவேளையில் என்ன பேசினோம் என்பது எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இப்போது என் மகனுக்குக் கல்யாணமாகி, நான் மாமியார். சனிக்கிழமை சாயந்திரம் நானும் அவரும் கோயிலுக்குக் கிளம்பிவிடுவோம். தரிசனம் முடிய அரைமணிதான் ஆகும், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவோம். நடுவில் கடைத்தெரு சுற்றுவோம், வடா பாவ் சாப்பிடுவோம், எங்காவது பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் நானும் அவரும் இவ்வளவு பேசியதே கிடையாது. போன வாரம் மழையைப் பார்த்து நான், "இன்னைக்குப் போக வேண்டாமோ?" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

செம்பூரிலிருந்து ஒரு கணவர்:

நானும் புதுசுதான். சகோதரி எழுதியதில் ஒன்று சேர்க்கணும். எல்லா வீட்டிலும் அத்தை இப்படித் தானாகப் புரிந்துகொள்ள மாட்டார். அப்போது வாய் திறக்க வேண்டியது மகன்தான். மருமகள் கேட்டால் அது வேறு மாதிரி போய்விடும். நான் நேராக அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, எனக்கு ராத்திரி ஷிப்ட், அவளுக்குப் பகல் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் நாங்க வெளியே சாப்பிட்டுக்கிறோம்." அம்மாவுக்கு முதலில் முகம் வாடியது உண்மைதான். ஏன் என்று உட்கார்ந்து சொன்னதும், "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

நாங்கள் போவது மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில், மார்க்கெட் மாடியில் இருக்கிற ராமா நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942-ல் தொடங்கியது. வாழை இலைச் சாப்பாடு. கூட்டம் இருக்கும், பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கணும். அந்தக் காத்திருக்கிற நேரம்தான் எங்களுக்கு முக்கியம். வாரம் பூராவும் சேர்த்துவைத்ததை அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். எங்கள் பெயரைக் கூப்பிட்டும் கேட்காமல் பேசிக்கொண்டிருந்ததுண்டு. ரசம் ஊற்ற வருகிறவர் இப்போதெல்லாம் அவளுக்குக் கேட்காமலே இரண்டாவது தடவை ஊற்றுகிறார்.

தாராவியிலிருந்து ஒரு புதுப்பெண்:

அக்கா, எனக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆச்சு. ஊர் விளாத்திகுளம் பக்கம். வந்ததிலிருந்து மரைன் டிரைவ் பார்க்கணும்னு ஆசை. அவருக்குக் கூச்சம், ஜோடியாகப் போய் உட்கார்ந்தால் யாராவது பார்ப்பார்களாம். இங்கே போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்களா? எப்படிப் போகணும்?

சயான் கோலிவாடா புதுமருமகள்:

தங்கச்சி, கூசவே வேண்டாம் என்று சொல்லு. அந்தச் சுவர் நெடுக, முகத்தைக் கடல் பக்கம் வைத்து ஜோடி ஜோடியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். எங்களை மாதிரி வீட்டில் இடம் இல்லாதவர்கள்தான் அதில் பாதிப்பேர். கல்யாணமான புதுசு, வயசானவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாரும் உண்டு. ஒருத்தர் ஒருத்தரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஊர் ஆற்றுப்பாலத்தில் அப்படி உட்கார முடியுமா, சொல்லு.

சயானில் ஸ்லோ வண்டி ஏறி தாதரில் இறங்குங்கள். மேம்பாலம் ஏறி வெஸ்டர்ன் பக்கம் போய், சர்ச்கேட் போகிற ஸ்லோ வண்டி பிடித்தால் மரைன் லைன்ஸ் ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து கடல் நடக்கிற தூரம்தான். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், இருட்டினதும் விளக்கெல்லாம் வளைவாக எரிவதைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். மழைக்காலத்தில் பெரிய அலை என்று அறிவித்த நாளில் மட்டும் சுவர்ப் பக்கம் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்துவது) உண்டா, எந்த லைனில் என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.