தோட்டாவில் மருந்தைக் கூட்டும் மைத்துனர்

கேள்வி (பாளையங்கோட்டைக்காரர்):
டெக்சாஸில் வசிக்கும் என் மைத்துனர், சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளில் மீண்டும் மருந்து நிரப்பிக் கைத்துப்பாக்கித் தோட்டா செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார். கையேட்டின் உச்ச அளவையும் மீறி, அல்வாவுக்கு நெய் விடுவதுபோல் தாராளமாக இடுகிறார். சுட்டபின் சிலிண்டரில் (தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையில்) இறுகிக்கொள்ளும் கூடுகளைச் சுத்தியலால் தட்டி எடுப்பதைக் காணொளியில் பெருமையாகக் காட்டுகிறார். இது சரிதானா, அண்ணாச்சி?

பதில் (தச்சநல்லூரார்):
சரியில்லை, அண்ணாச்சி. கூடு இறுகுவதும் பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாவதும் அழுத்தம் மிஞ்சியதன் அடையாளங்கள். கூடு சிறியதாகையால், மருந்து சற்றே கூடினாலும் அழுத்தம் அதே விகிதத்தில் நில்லாமல் பாய்ந்தேறும்.

பதில் (அம்பைவாசி):
1935-இல் வந்த, அழுத்தம் மிகுந்த .357 மேக்னம் தோட்டா, அந்த அழுத்தத்தைத் தாங்காத பழைய .38 ஸ்பெஷல் சுழல்துப்பாக்கிக்குள் தவறியும் நுழையாதிருக்க, அதன் கூட்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீட்டித்தே வடிவமைத்தார்கள். உங்கள் மைத்துனரைப் போன்றோர் பிறப்பார்கள் என்பதை அன்றே அறிந்திருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைக்காரர்:
விடுமுறைக்கு வரும்போது இங்கும் செய்து காட்டுவதாகச் சொல்கிறாரே!

தச்சநல்லூரார்:
1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். மத்திய சிறை உங்கள் ஊரிலேயே இருப்பதால், அவரைப் பார்க்கப் பேருந்துச் செலவு மட்டும் மிச்சமாகும்.