மறு: ஃப்ரெய்ட் கார் என்பதற்குச் சொல் – ‘பாரவண்டி’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மாதிரி ரயில் சரக்கு வண்டிகள் கட்டுபடியாகும் விலையில் புதிதாக வர வேண்டும் என்று ஓசூர்ப் பட்டறை ஒன்றுக்கு நாம் எழுதவிருக்கும் விண்ணப்பத்தில் ‘ஃப்ரெய்ட் கார்’ (ரயிலில் கோக்கப்படும் தனிச் சரக்கு வண்டி) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வந்துள்ளன. மூன்றையும் சில நாள் மனத்தில் போட்டுப் பார்த்தபின் தருமபுரியிலிருந்து இதை எழுதுகிறேன்.

‘சரக்குப் பெட்டி’ என்ற சேலத்து நண்பரின் சொல் எல்லோருக்கும் உடனே புரியும். ஆனால் நம் பொழுதுபோக்கில் பெட்டி என்பது அட்டைப் பெட்டியும்தான். அமெரிக்காவின் மாதிரி ரயில் நிறுவனமான ஏதர்ன் பல்லாண்டு விற்ற, வாங்குபவரே பாகங்களைச் சேர்த்துக்கொள்ளும் எளிய தொகுதிகளுக்கு ‘நீலப் பெட்டி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ‘சரக்குப் பெட்டி பெட்டியோடு வேண்டும்’ என்று கடைக்காரருக்கு எழுத நேர்ந்தால் சொல் தடுமாறுகிறது. ‘சரக்குந்து’ லாரிக்கு வழங்கிவரும் சொல். உந்து என்பது தானே இயங்குவதைக் குறிப்பது, எஞ்சின் இழுத்தால் மட்டுமே நகரும் ஒன்றுக்கு அது பொருளாலேயே பொருந்தாது. ‘வேகன்’ என்றே விட்டுவிடலாம் என்பது மூன்றாவது கருத்து. மொரப்பூர் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் வேகன், ரேக், கூட்ஸ் என்றுதான் சொல்வார்கள் என்பதை மறுக்கவில்லை. பேச்சில் அது இருக்கட்டும். வகைப்பெயர்களை அடுக்கிக் கட்டுவதற்கு ஒரு தமிழ் வேர் கைவசம் இருந்தால் நல்லது என்பதே என் எண்ணம்.

ஆகவே ‘பாரவண்டி’ என்பதை முன்வைக்கிறேன். இது நான் புனைந்த சொல் அன்று. சுமை ஏற்றும் மாட்டுவண்டிக்கு நம் பக்கத்தில் இருந்த பெயர். வண்டி என்றால் முழு ரயிலையும் குறிக்குமே என்று நண்பர்கள் தடை சொல்லக்கூடும். ஆனால் ரயிலுக்கு நாம் ஏற்றுக்கொண்ட ‘தொடர்வண்டி’ என்ற சொல்லே, தொடராகக் கோக்கப்பட்ட ஒவ்வோர் அலகும் வண்டி என்று ஒப்புக்கொள்கிறது. அடுத்து, இந்திய ரயில்வேயின் வகைக்குறியீட்டில் பிசிஎன் எனப்படும் மூடிய சரக்கு வண்டிக்குக் ‘கூண்டு வண்டி’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய் ஏற்றும் பிடிபிஎன் ‘தொட்டி வண்டி’, பக்கச் சுவரில்லாத பிஆர்என் ‘தட்டு வண்டி’, நிலக்கரி ஏற்றும் உயர்சுவர் பாக்ஸ்என் ‘திறந்த பாரவண்டி’ என்று வரிசை தானாக அமைகிறது.

மாட்டுவண்டியிலிருந்து எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ‘அச்சு’ என்ற சொல் சக்கரங்களை இணைக்கும் தண்டையும் குறிக்கும், பிளாஸ்டிக் வார்க்கும் மோல்டையும் குறிக்கும். பட்டறைக்கு எழுதும் கடிதத்தில் இந்தக் குழப்பம் பணச் செலவில் முடியும். வண்டித் தச்சரின் ‘இருசு’ நமக்கு இருக்கும்போது தண்டுக்கு அதையும், மோல்டுக்கு ‘வார்ப்பச்சு’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம். ‘போகி’யிலும் இதே சிக்கல்தான்: மக்கள் பயணிகள் பெட்டியையே போகி என்கிறார்கள், பொறியாளரோ அதன் அடியிலுள்ள நான்கு சக்கரச் சட்டத்தைச் சொல்கிறார். நம் விண்ணப்பத்தில் ‘சக்கரச்சட்டம்’ என்று வெளிப்படையாக எழுதுவோம். இந்தச் சொல் துல்லியமாக இருக்க வேண்டியதற்குக் காரணம் விலையிலேயே இருக்கிறது. பாக்ஸ்என், பிசிஎன், பிடிபிஎன், பிஆர்என் ஆகிய நான்குக்கும் அடியில் இருப்பது காஸ்னப் வகைச் சக்கரச்சட்டமே. மாதிரி வண்டியில் செலவு பெரும்பாலும் எஃகு வார்ப்பச்சு செய்வதில்தான். அதிலிருந்து ஆயிரமாவது உருப்படியை எடுக்கும் செலவு அதனோடு ஒப்பிட்டால் சிறிது. ஒரே சக்கரச்சட்ட வார்ப்பச்சு நான்கு வகை வண்டிக்கும் உழைத்தால் ஒவ்வொன்றின் விலையும் இறங்கும்.

விலை பற்றிய சொல்லைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். வரைவில் ‘மலிவான சரக்கு வண்டிகள்’ என்று இருக்கிறது. மலிவு என்றால் தரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பட்டறைக்காரர் எடுத்துக்கொள்வார், நாம் கேட்பது அதுவன்று. பாக்ஸ்என் வண்டியின் நீளம் இணைப்பிகளையும் சேர்த்து 10,713 மில்லிமீட்டர். உண்மையில் 87இல் ஒரு பங்கான நம் 1:87 மாதிரி அளவில் அது ஏறத்தாழ 123 மில்லிமீட்டர். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் இந்த அளவுக்குப் பரிந்துரைக்கும் எடை, தொடக்கமாக 1 அவுன்சும் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும். கணக்கிட்டால் நம் வண்டி சுமார் 97 கிராம் இருக்க வேண்டும். எடைத்தகட்டை விட்டுவிட்டு மலிவாகக் கொடுத்தால் வளைவில் பின்னாலிருந்து தள்ளும்போது வண்டி தடம் புரளும். நான் வாங்கிய முதல் ஐந்து வண்டிகளும் அப்படிப்பட்டவையே. ஒவ்வொன்றையும் திறந்து ஈயத்துண்டு ஒட்டிய பிறகே ஓடின. ஆகவே ‘கட்டுபடியாகும் விலை’ என்பதே எழுத வேண்டிய தொடர்.

எஞ்சினை ஒருமுறை வாங்கினால் போதும், பாரவண்டிகள் அப்படியல்ல. உண்மையான பாக்ஸ்என் தொடரில் 58 வண்டிகள் ஓடுகின்றன. அதை அப்படியே 1:87இல் செய்தால் எஞ்சின் நீங்கலாகவே ஏழு மீட்டருக்கு மேல் நீளும், நம் வீடுகளில் அதற்கு இடமில்லை. குறைந்தது பன்னிரண்டு வண்டிகள் இருந்தால்தான் கூட்ஸ் வண்டி என்று கண் நம்பும். ஒரு வண்டிக்கு ஐந்நூறு ரூபாய் கூடினால் தொடருக்கு ஆறாயிரம் கூடுகிறது. பள்ளி மாணவர் ஒருவர் இதில் நுழைவதும் நுழையாமல் போவதும் அங்கேதான் முடிவாகிறது.

இதனால்தான் முழுதாகச் செய்து முடித்ததைவிட, வீட்டில் நாமே சேர்க்கும் தொகுதியை முதலில் கேட்கலாம் என்கிறேன். அதற்குப் ‘பூட்டுத்தொகுதி’ என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. பூட்டு என்றால் திறவுகோல்தான் நினைவுக்கு வரும் என்று ஓசூர் அம்மையார் சென்ற மடலில் எழுதியிருந்தார். ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் நம் மாவட்டங்களில் இன்னும் மறக்கப்படவில்லை என்று பணிவோடு சொல்கிறேன்.

பாதை அகலம் பற்றி ஒரு வார்த்தை: நம் அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டர் 1:87இல் 19.3 ஆகிறது, கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. இந்த வேறுபாட்டை இப்போதைக்கு ஏற்றுக்கொள்வோம். மாறாக, 1906இல் திறக்கப்பட்ட நம் மொரப்பூர்–தருமபுரி குறும்பாதையின் 762 மில்லிமீட்டர் அதே அளவில் 8.8 ஆகி, எளிதில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அந்தப் பாதையின் சிறு பாரவண்டிகளையும் பின்னொரு நாள் கேட்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

அடிப்பக்கம் திறந்து சரளைக்கல்லைத் தண்டவாளத்தில் இறக்கும் ஹாப்பர் வகைக்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் அகப்படவில்லை. ‘கொட்டு வண்டி’ என்றால் டிப்பர் லாரி போலச் சாய்த்துக் கொட்டுவதாகத் தோன்றுகிறது. ‘சொரி வண்டி’ செயலுக்குப் பொருந்துகிறது, ஆனால் காதுக்குச் சற்றுப் புதிது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஜல்லிக் கிரஷரில் அடிவாய் திறந்து கல் இறக்கும் தொட்டியைத் தொழிலாளர்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று அங்குள்ள நண்பர்கள் கேட்டு எழுதினால், விண்ணப்பத்தை அனுப்புமுன் அந்த இடத்தை நிரப்பிவிடலாம்.