புதுப்பிப்பு: திருகோணமலையில் ஸ்லாலம் கனோ பழகுதல்

வெள்ளம் குமுறிப் பாயும் ஆறு இல்லாத திருகோணமலையில் ஸ்லாலம் கனோ (கழிகளால் ஆன வாயில்களின் ஊடே நேரத்துக்கு எதிராகச் சிறுபடகைச் செலுத்தும் விளையாட்டு) பழக முடியுமா என மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். முடிகிறது. கச்சான் காற்று பலக்கும் முன், அதிகாலையில், அலையடங்கிய கரையோரத்தில் இரண்டு மூங்கில் கழிகளை மிதவைகளில் நிறுத்தி வாயிலாக்கி, முழந்தாளிட்டு, ஒற்றையலகுத் துடுப்பால் படகைத் திருப்பப் பழகுகிறேன். கவிழ்ந்ததும் இடுப்பைச் சுற்றிய நீர்த்தடுப்புத் துணியை இழுத்துக் கழற்றி வெளியேறுவதையே முதலில் கற்றேன். போட்டியில் கழியைத் தொட்டால் 2 விநாடிகளும், வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடிகளும் நேரத்துடன் கூட்டப்படுவதால், தொடக்கத்தில் வேகத்தைவிட நேர்த்தியே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். பச்சை வாயில்களை நீரோட்டத்தோடும் சிவப்பு வாயில்களை அதை எதிர்த்தும் கடக்க வேண்டும். அந்த எதிரேற்றத்தை அசையாத நீர் கற்றுத்தராது. அதற்காகவே, தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் அனுபவமுள்ள ஒரு துணைவருமாக, அடுத்த மாதம் களனி கங்கை பாயும் கித்துல்கலவுக்குப் போகிறேன்.