டிம்மரோடு ஒத்துப்போகும் எல்இடி பல்பு எது? சேலத்தில் எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு ஒயரிங் மாற்றுகிறோம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பளிச்சென்ற வெளிச்சம் கூசுகிறது. அவர் அறைக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைத்தே ஆகணும்.

குண்டு பல்பு காலத்து டிம்மரில் 9 வாட் எல்இடியைக் குறைத்தால் மினுக்குகிறது, 'கொய்ங்'னு சத்தம் வேறு. பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்டிருந்தும் இப்படித்தான். அந்த டிம்மர் சரியாக ஓடத் தேவையான குறைந்தபட்ச லோடு (வாட்) அதிகம், ஒற்றை எல்இடி அதை எட்டாது. எல்இடிக்கென்றே வரும் டிரெய்லிங் எட்ஜ் டிம்மர் ஐந்து ரோடு, செவ்வாய்ப்பேட்டை பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்? பல்பு பின் டைப், 2700 கெல்வின் மஞ்சள் ஒளி வேணும். இங்கே வோல்டேஜ் ஏறி இறங்கும், அதையும் தாங்கணும்.

வீட்டில் மாட்டிக் கொஞ்ச காலமாவது ஓட்டியவர்கள் எந்த பல்பு, எந்த டிம்மர் என்று ஜோடியாகச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை எலக்ட்ரீசியன் வருகிறார்.